மூன்றாம் எண் கூண்டு

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய காலை
என் மானிட்டரில் ‘நோ சிக்னல்’.
இரண்டே சொல்,
கறுப்பில் மிதந்து, மூலையில் முட்டித் திரும்பி,
பிறகு அதுவும் அணைந்துபோனது.

விசிறி ஓடுகிறது. மூன்றும்.
நீல விளக்கு எரிகிறது.
உயிர் இருக்கிறது, முகம்தான் இல்லை.

நேற்று ராத்திரி நானேதான் மாற்றினேன்.
பழைய மதர்போர்டின் செப்புக் கோடுகளில்
உப்புக்காற்று பச்சை பூத்திருந்தது.
புதியது என்றால் எனக்குப் புதியது;
மதுரையில் யாரோ கழற்றிப்போட்டது,
வெங்காய மூட்டைக்கு மேல் உட்கார்ந்து
பஸ்ஸில் வந்தது.

கடலுக்குப் போகாத நாளில்தான்
ஊரே டெல்சி ஆன்லைன் சென்டருக்கு வரும்.
இன்னாசிமுத்துவுக்கு ஆதாரில் அப்பா பெயர் தப்பு.
பிலோமியின் நிவாரண மனுவுக்கு இன்றே கடைசி நாள்.
கத்தாருக்குப் போகிற பையன்
டிக்கெட் பிரின்ட் கேட்டு வாசலிலேயே நிற்கிறான்,
பெட்டியோடு.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு டெல்சி.”
பார்த்தாயிற்று, பதினொரு தடவை.
ஒருவர் பெட்டியின் விலாவில் ஓங்கித் தட்டினார்:
வத்தை என்ஜின் இதற்குக் கேட்குமாம்.

ராமை உருவி
மகளின் பென்சில் ரப்பரால்
அதன் பொன் பற்களைத் தேய்த்தேன்.
ஒரு துண்டு மட்டும் போட்டேன்.
அடுத்த குழியில் போட்டேன்.
காசு மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றி
ஐந்து நிமிஷம் எண்ணினேன்.
சங்குக்கு முங்கினால் தான் இவ்வளவு நேரம் தாங்குவேன் என்றார்
ராயப்பு அண்ணன்.
பொய்.

போனில் ஜெர்வின்:
“எட்டு பின் வயரு குத்துனியாக்கா?”
குத்தினேன்.
“கேபிள கார்டுல போட்டியா, போர்டுலயா?”
ரெண்டுலயும்.
“பீப் வருதா?”
வரல.
“ஸ்பீக்கர் மாட்டுனியா?”

மாட்டவில்லை.
ராத்திரி முழுக்க அது கத்தியிருக்கலாம்,
வாயை நான் பழைய போர்டிலேயே விட்டிருந்தேன்.
சுண்டைக்காய் அளவுக் கறுப்பு வாய்.
பிடுங்கி வந்து பொருத்தி, அமுக்கினேன்.
அப்போதும் இல்லை.
கத்தவும் இல்லையாம், சும்மாவே இருந்திருக்கிறது.

“எல்லாத்தையும் வெளிய எடுத்து
அட்டப்பெட்டி மேல வச்சு ஓட்டிப் பாருக்கா.”

எடுத்தேன். பிஸ்கட் அட்டை மேல் போர்டைக் கிடத்தி
ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு பின்னைத் தொட்டேன்.

ஒரே ஒரு பீப்.

மானிட்டரில் வெள்ளை எழுத்து.
பின்னால் நின்ற பத்துப் பதினைந்து பேர்
ஒரே குரலில் “ஆ” என்றார்கள்,
வலையில் திருக்கை புரண்டதுபோல.

வெளியே பேசுகிறது, பெட்டிக்குள் ஊமை.
அப்படியென்றால் குற்றம் பெட்டியில்.
டார்ச் அடித்தேன்.
தரையில் ஊன்றிய பித்தளைக் கால்கள் ஒன்பது.
இந்தப் போர்டுக்கு ஓட்டை எட்டு.
ஒன்பதாவது பழையதற்காக நட்டது,
புதியதின் முதுகில் ஓட்டையில்லாத இடத்தில்
குத்திக்கொண்டு நின்றிருக்கிறது.
திருப்பிப் பார்த்தேன்:
நகக்கீறல் அளவு ஒரு தடம்.

மூக்குப் பிளையரால் திருகி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.
ஒரு கடலை கனம்கூட இல்லை.
“தூண்டிலுக்குக் குண்டா ஆகுமா?”
வாங்கிப் பார்த்த இன்னாசிமுத்து
உதட்டைப் பிதுக்கித் திருப்பித் தந்தார்.

எல்லாம் பூட்டி முடிக்க மணி மூன்றே முக்கால்.
பிலோமியின் மனு போனது.
டிக்கெட் பிரின்டர் வாயில் பாதி வந்திருந்தபோது
கரண்ட் போனது.

பையன் என்னைப் பார்த்தான்.
நான் காகிதத்தைப் பார்த்தேன்:
பெயரும் தேதியும் வந்திருந்தன,
ஊர் உள்ளே இருந்தது.

யாரும் கிளம்பவில்லை.
வாடை ஷட்டரை ஆட்டிக்கொண்டிருந்தது.
இருட்டிய பின் துறைமுகத்துக் கம்பத்தில்
கூண்டுக்குப் பதில் விளக்கேற்றினார்கள்.
தீவு முழுக்க அதுதான் தெரிந்தது.